கை நீட்டி வாங்காதவ

மேசையில் இருந்தவர்கள் இவர்கள். ரோஸ், அந்த வீட்டுக்குப் பொறுப்பு. பெரிய உடம்பு, சின்னக் குரல். மோசஸ், முப்பத்தைந்து வயதிருக்கும். பேச்சு இல்லை, கால் இரண்டும் சூம்பினது, கை எந்த நேரமும் நடுங்கும். நகாட்டோ, இருபது வயதுப் பெட்டை. மனம் ஏழெட்டு வயதில் நின்றுவிட்டது. யோக்கான் கிழவர், கண் தெரியாது. யாருடைய கோப்பையில் எவ்வளவு விழுந்தது என்று சத்தத்தை வைத்துச் சொல்லுவார். பிறகு நான். கடைசியாக அவ. அவ கதிரையில் இருக்கவில்லை. வந்து ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, எழும்பி நின்று மற்ற எல்லாருக்கும் பரிமாறிக்கொண்டிருந்தா.

"இரு" என்று ரோஸ் சொன்னா.

"ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டு அவ அவரைக்கறியைப் போட்டா.

அவவின் பெயரை எழுத மாட்டேன். அவவுக்குப் பிடிக்காது. நான் அக்கா என்றுதான் கூப்பிட்டது. அவ என்னைத் தம்பி என்பா.

இடம் உகண்டா. கம்பாலாவில் இருந்து பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம், பிறகு மோட்டார் சைக்கிளில் மேட்டில் ஏற வேண்டும். ஒரு கிறிஸ்தவ சமூகத்தின் வீடு. உடம்பு ஏலாதவர்கள், மனம் வளராதவர்கள், வீட்டாரே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனவர்கள், இவர்களும் இவர்களோடு இருக்க வந்தவர்களும் ஒரே கூரைக்குக் கீழே. ஆஸ்பத்திரி இல்லை. மடமும் இல்லை. வீடு.

நாங்கள் இரண்டு பேரும் ரொறன்ரோவில் இருந்து ஒரே பிளேனில் போனது. நான் பைப் வேலை செய்கிறவன். மன்னாரில் ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஸ்காபரோவில் எங்கள் கோயில் ஃபாதர் பூசை முடிய அறிவித்தார், தண்ணீர்ப் பம்ப் திருத்தத் தெரிந்த ஒருவர் ஒரு வருஷத்துக்குத் தேவை என்று. என் மனுசி செத்து ஒரு வருஷமாகியிருந்தது. போனேன். அவ இருந்தது மல்வேர்னில். முதியோர் இல்லத்துக் குசினியில் சமைத்து ஓய்வெடுத்தவ. அவவின் புருஷனும் இல்லை. மகள் ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவவின் குணம் பிளேனிலேயே தெரிந்துவிட்டது. பணிப்பெண் ஜூஸ் கொடுத்தாள். இவ கைப்பையைத் திறந்து ஒரு எள்ளுருண்டை எடுத்து அவளின் கையில் வைத்தா. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்து தண்ணீர் கொடுத்தாள். இன்னொரு எள்ளுருண்டை.

"அக்கா, அது அவையின்ர வேலை" என்றேன்.

"வேலையெண்டாலும் குடுத்தது குடுத்ததுதானே, தம்பி."

இதுதான் அவ. யாரிடமும் எதையும் சும்மா வாங்க மாட்டா. வாங்கினால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். திருப்பிக் கொடுக்கும் வரைக்கும் முகம் சரியில்லை, வயிற்றுக்குத்து வந்த ஆள் மாதிரி.

இப்படிப்பட்ட ஆள் போய்ச் சேர்ந்த ஊரைப் பாருங்கள். அங்கே வணக்கம் சொல்லுவதே நன்றி சொல்லித்தான். ரோட்டில் மண்வெட்டியோடு போகிறீர்கள். எதிரே வருகிற, முன்பின் தெரியாத ஆள் "ஜெபாலேகோ" என்பார். நீ செய்கிற வேலைக்கு நன்றி என்று கருத்து. சமைத்தால் நன்றி, தண்ணீர் தூக்கினால் நன்றி, சந்தைக்குப் போய்த் திரும்பி வந்தால் வந்ததுக்கு நன்றி. எனக்கு அது பிடித்திருந்தது. தலையை ஆட்டிவிட்டுப் போவேன். அவவுக்கு அது ஒவ்வொரு நாளும் ஒரு பாரம்.

"நான் என்ன செய்தனான் எண்டு இவை நன்றி சொல்லினம்?"

"வணக்கம் எண்டு எடுங்கோவன்."

"சொல்லு நன்றிதானே."

அந்தப் பாஷையில் அவ முதல் பாடமாக்கினது இதற்கு மறுமொழியைத்தான். "நாவே ஜெபாலே." உனக்கும் நன்றி. பிறகு எதிரே வருகிறவர் வாய் திறக்க முன்னமே சொல்லத் தொடங்கினா. சின்னப் பிள்ளைகள் வேலிக்குப் பின்னால் ஒளித்திருந்து, இவ கிட்ட வந்ததும் பாய்ந்து "ஜெபாலேகோ" என்று கத்துவார்கள். யார் முந்துகிறது என்று அது ஒரு விளையாட்டாகிவிட்டது. இவவுக்கு அது விளையாட்டு இல்லை.

காலை ஆறு மணிக்கு மேளம் தட்டுவார்கள். செபம். பிறகு சோளமாக் கஞ்சி. நான் பம்பைப் பார்க்கப் போவேன். அது பழசு. கிழமைக்கு இரண்டு நாள் வேலை செய்யாது. அந்த நாட்களில் எல்லாருமாக மஞ்சள் கான்களோடு அடிவாரத்துக்கு இறங்கித் தண்ணீர் சுமப்போம். அவ மோசஸைக் குளிக்க வார்த்து, உடுப்புப் போட்டு, சாப்பாடு வாயில் தீத்துவா. அவன் ஒரு கோப்பை கஞ்சி குடித்து முடிக்க நேரம் எடுக்கும். பாதி வெளியே வரும். அவ ஒருநாளும் அவசரப்படுத்தினது இல்லை. அதை நான் சொல்லத்தான் வேண்டும். கொடுக்கிற வேலையில் அவவைப்போல ஒரு ஆளை நான் கண்டதில்லை. மோசஸ் சந்தோஷமாக இருந்தால் மேசையில் தட்டுவான். அவ வாசலில் வந்தாலே தட்டுவான்.

மத்தியானம் வாழைக்காய் உரிப்போம். அங்கே மலை மலையாக உரிக்க வேண்டும். பின்னேரம் கரிப்பெட்டியால், தணல் போட்ட இஸ்திரிப்பெட்டியால், உடுப்பு அழுத்த வேண்டும். ஈரத் துணியில் ஒரு வகை ஈ, இலையான், முட்டை போடும். சூடு காட்டாவிட்டால் அது தோலுக்குள் போய்ப் புழுவாகும். அதனால் உள்ளுடுப்பு வரைக்கும் எல்லாம் அழுத்த வேண்டும். அவவின் அறைக் கதவு நிலையில் இருந்து கழன்றிருந்தது, நான் ஒரு பிணைச்சல் போட்டுக் கொடுத்தேன். ஐந்து நிமிட வேலை. அதுக்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க என் உடுப்பு எல்லாம் அழுத்தி மடித்துக் கட்டிலில் இருந்தது. நிறுத்தச் சொன்னேன். நிற்பாட்டவில்லை. இன்னொரு பிணைச்சல் கழன்றபோது அவ எனக்குச் சொல்லவில்லை. கயிறு கட்டி வைத்திருந்தா.

நகாட்டோவின் கதையைச் சொல்ல வேண்டும். அந்த ஊரில் பெண்கள் பெரியவர்களுக்கு முன்னால் முழங்காலில் இருந்துதான் வணக்கம் சொல்லுவார்கள், சாப்பாடு கொடுப்பார்கள். நகாட்டோவுக்குக் கன விஷயம் தெரியாது. இது தெரியும். முதல் கிழமை ஒரு மத்தியானம் சாப்பாட்டுக் கோப்பையோடு வந்து இவவுக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள். இவ பதறி எழும்பித் தானும் முழங்காலில் இருந்தா. நகாட்டோவுக்குக் குழப்பம். சின்னவள் கீழே இருக்க வேண்டும். அதனால் குனிந்தாள். இவவும் குனிந்தா. அவள் இன்னும் குனிந்து நெற்றியை நிலத்தில் வைத்தாள். இவவும் வைத்தா. கோப்பை இரண்டு தலைக்கும் நடுவில்.

யோக்கான் கிழவர் மேசையில் இருந்து கேட்டார், "சாப்பாடு என்ன, செபம் சொல்லுதா?"

ரோஸ் வந்து பார்த்தா. "நீ எழும்பு" என்று இவவிடம் சொன்னா. "எழும்பிக் கதிரையில் இரு. இரண்டு கையாலும் வாங்கு. அவ்வளவுதான்."

"அவள் என்ன எனக்கு அடிமையா?" என்றா இவ.

"அவள் உனக்குச் சாப்பாடு தாறாள். அவளிட்டத் தாறதுக்கு வேற என்ன இருக்கு?"

ரோஸின் இங்கிலிசும் என்னுடைய இங்கிலிசும் ஒரே அளவு. அதனால் எனக்கு நல்லாய் விளங்கியது. இவவின் இங்கிலிஸ் எங்களை விடத் திறம். விளங்கவில்லை.

ஒருமுறை மலேரியா வந்து அவ ஐந்து நாள் படுத்தா. நகாட்டோ கஞ்சி கொண்டுபோனாள். நான் ஜன்னல் கம்பி திருத்திக்கொண்டு நின்றதால் பார்த்தேன். கஞ்சியைக் குடித்தா. நகாட்டோ அந்தப் பக்கம் போனதும் கட்டிலைப் பிடித்து எழும்பி, உடம்பு உதற உதறக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தா. பிறகு நகாட்டோவின் பாவாடையை எடுத்து அழுத்தத் தொடங்கினா. கரிப்பெட்டி கையில் நிற்கவில்லை.

"அக்கா, விசரே உங்களுக்கு?"

"கதையாத தம்பி. முடிஞ்சுது."

ஏன் இப்படி என்று நான் கேட்டதில்லை. ஒருநாள் வாழைக்காய் உரிக்கும்போது அவவே சொன்னா. கனடாவுக்கு வந்த முதல் குளிர். கோயிலில் பழைய உடுப்புக் கொடுத்தார்கள். ஒரு நாவல் நிறக் கோட் அவவுக்குக் கிடைத்தது. நல்ல கோட். அடுத்த ஞாயிறு அதைப் போட்டுக்கொண்டு பூசைக்குப் போனா. நன்மை எடுக்க, நற்கருணை வாங்க, வரிசையில் நிற்கும்போது பின்னால் ஒரு மனுசி தன் சிநேகிதிக்குச் சொன்னாளாம், "உது எங்கட மூத்தவளின்ர கோட். இவவுக்கு அளவாத்தான் இருக்கு."

"அவ்வளவுதானே?" என்றேன்.

"அவ்வளவுதான்" என்றா. "கழட்டிக் கையில வைச்சுக்கொண்டு வீட்ட நடந்தனான். மாசி மாதக் குளிர்."

பிறகு வாழைக்காயை உரித்தா. நானும் உரித்தேன்.

மல்வேர்னில் அவவின் பக்கத்து வீட்டில் ஒரு கயானாக்காரர் இருந்தார். ஒரு பெரிய ஸ்னோவுக்கு அவர் தன்னுடைய வாசலோடு சேர்த்து இவவின் வாசலையும் வழித்துவிட்டார். அடுத்த ஸ்னோவுக்கு இவ விடிய ஐந்து மணிக்கு எழும்பி அவருடையதை வழித்தா. அவர் சும்மா விடவில்லை, அடுத்த தரம் நாலரைக்கு எழும்பினார். இப்படியே போய் ஒரு நாள் இரண்டு பேரும் நாலு மணிக்கு மண்வாரியோடு இருட்டில் முட்டுப்பட்டார்களாம். அவர் சொன்னாராம், "அம்மா, நான் வேலைக்குப் போக வேண்டிய ஆள். தயவுசெய்து நித்திரை கொள்ளுங்கள்." இதை அவவே சிரிக்காமல் சொன்னா. தான் தோற்றதாகத்தான் சொன்னா.

வருஷம் முடியப் போகிறபோது அவ ரோஸிடம் கேட்டா, தன்னை அந்த வீட்டிலேயே வைத்திருக்கச் சொல்லி. சாகும் வரைக்கும். அப்படிச் சிலர் இருந்துவிடுவது உண்டு.

"ஸ்ரௌவ்வில்லில மகள் ஒரு அறை வைச்சிருக்கிறாள்" என்று என்னிடம் சொன்னா. "கார்ப்பெற் போட்ட அறை. பஸ் இல்லை, கடை இல்லை. நான் அங்க என்னத்தைச் செய்யிறது? இங்க மோசஸ் இருக்கிறான். எனக்கு இனி இதுதான் தம்பி வீடு."

அவ ஆசைப்பட்டு எதையும் கேட்டு நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

"வந்த நாள் முடியட்டும்" என்றா ரோஸ்.

அந்த வீட்டில் முக்கால்வாசிப் பேருக்குப் பிறந்த நாள் தெரியாது. அதனால் வீட்டுக்கு வந்த நாளைக் கொண்டாடுவார்கள். வந்தவரை நடுவில் கதிரையில் இருத்தி, பெரிய வியாழனில் செய்கிற மாதிரிக் கால் கழுவி விடுவார்கள். யார் கழுவுவது என்று அவரவர்தான் கேட்டு வாங்க வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நாள். என் காலை நகாட்டோ கேட்டாள். அவவின் காலை மோசஸ் கேட்டான். கேட்டான் என்றால், அவவின் செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மேசையில் தட்டினான். ரோஸ் ஒரு கிழமையாகப் பின்வளவில் அவனைப் பழக்கினா. கோப்பையில் தண்ணீர் எடுப்பான். பாதி வழியில் கொட்டும். திரும்ப எடுப்பான்.

என் முறை முதல். நகாட்டோ என் காலைக் கழுவினாள். சவர்க்காரம் கண்ணுக்குள்ளே தெறித்தது. கூச்சமாக இருந்தது. இருந்தேன்.

பிறகு அவ இருந்தா. கதிரையின் நுனியில். மோசஸைத் தண்ணீர்ப் பேசினுக்குப் பக்கத்தில் நிலத்தில் இறக்கிவிட்டோம். அவன் கோப்பையால் தண்ணீர் அள்ளினான். கை நடுங்கி முக்கால்வாசி அவனுடைய மடியில் ஊற்றுப்பட்டது. மிச்சத்தை அவவின் வலது காலில் விட்டான். தடவினான். இன்னொருமுறை அள்ளினான். யாரும் உதவிக்குப் போகவில்லை. போகக் கூடாது. அவவின் இரண்டு கையும் கதிரைச் சட்டத்தைப் பிடித்திருந்தன. கழுத்து நரம்பு தெரிந்தது. வலது கால் முடிந்தது. மோசஸ் கையை நீட்டித் துவாயை எடுத்தான்.

அவ எழும்பிவிட்டா.

நிலத்தில் குந்தி, துவாயை அவனுடைய கையிலிருந்து வாங்கி, அவனுடைய ஈர மடியைத் துடைத்தா. அவனுடைய சூம்பின காலைப் பிடித்து இழுத்துத் தண்ணீருக்குள் வைத்துக் கழுவத் தொடங்கினா. கெதியாய்க் கழுவினா, வழக்கமான கை. "சரி ராசா, சரி ராசா, காணும்" என்று தமிழில் சொல்லிக்கொண்டு கழுவினா.

மோசஸ் அவவைப் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் பேசினைத் தூக்கிக் கவிழ்த்தான். ஒரு சத்தம் போட்டான். அப்படி ஒரு சத்தம் அவனிடம் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

யோக்கான் கிழவர் கேட்டார், "யார் அவனுக்கு அடிச்சது?"

அதற்குப் பிறகு மோசஸ் அவவின் கையால் சாப்பிடவில்லை. கரண்டியைக் கொண்டுபோனால் மற்றப் பக்கம் திரும்புவான். கடைசியில் நான் தீத்தினேன். என்னிடம் சாப்பிட்டான். அவ வாசலில் நின்று பார்த்துக்கொண்டு நிற்பா.

ரோஸ் அவவைக் கூப்பிட்டுச் சொன்னா. நானும் இருந்தேன்.

"இஞ்ச குடுக்க வாற ஆக்கள் கனபேர். குடுத்துப்போட்டுப் போவினம். நல்லது. ஆனா இருக்கிற ஆள் வாங்கவும் வேணும். இவையிட்ட இருக்கிறது கொஞ்சம். அதையும் நீ வேண்டாம் எண்டால் இவை என்னத்தோட இருக்கிறது?"

"நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லையே" என்றா அவ.

"நீ வாயால சொல்லேல்லை."

அவ அழவில்லை. "நான் பழகினால்?" என்று கேட்டா.

"பழகினால் வா."

விமான நிலையத்துக்கு வெளிக்கிட முன் ரோஸ் என்னைத் தனியக் கூப்பிட்டா. அவ வாங்கப் பழகிவிட்டாவா என்று நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். ஒரு நாளைக்காவது கை நீட்டி வாங்கி, திருப்பிக் கொடுக்காமல் இருப்பதைக் கண்ணால் கண்டால் போதும், அடுத்த நாளே வரச் சொல்லுவேன் என்றா. ஒளித்து ஒன்று திருப்பிக் கொடுத்தாலும் வரச் சொல்ல மாட்டாவாம்.

"ஏன் என்னைக் கேக்கிறியள்?"

"நீ கதைக்கிறது குறைவு. பொய் சொல்லக் கனக்கக் கதைக்க வேணும்."

இது அவவுக்கும் தெரியும். ரோஸ் மறைக்கவில்லை.

இதெல்லாம் நடந்து ஆறு வருஷம். இப்போது அவ மகளோடு ஸ்ரௌவ்வில்லில், நான் அவவைக் காண்பது குறைவு.

திரும்பி வந்து கொஞ்சக் காலம் அவ மல்வேர்ன் வீட்டில்தான் இருந்தா. விற்கவில்லை. மகள் தன்னோடு வரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஒரு மறுமொழி வரவேணும், பொறு" என்று சொல்லி வைத்திருந்தா. ரோஸ் மாதத்தில் முதல் ஞாயிறு எனக்குப் போன் எடுப்பா. "இன்னும் இல்லை" என்பேன். "சரி" என்று வைத்துவிடுவா. அவ்வளவுதான் கதை.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை அவ போன் எடுத்தா.

"தம்பி, குசினிப் பைப் ஒழுகுது. வந்து திருத்தித் தாங்கோ."

அவ ஒருநாளும் என்னை வரச் சொன்னதில்லை.

"சும்மா திருத்தித் தாங்கோ" என்றா. "நான் ஒண்டும் தரமாட்டன். விளங்குதே?"

"விளங்குது."

அடுத்த நாள் போனேன். வேலைக்கு ஓடுகிற வானை வாசலில் விட்டேன். சாமான் எடுப்பதற்காகப் பூட்டவில்லை. குசினியில் பொரித்த மணம் இருந்தது. அடுப்பு துடைத்துச் சுத்தமாக இருந்தது. மேசையில் ஒன்றுமில்லை. ஒரு தேத்தண்ணிக் கோப்பைகூட இல்லை. நான் சிங்குக்குக் கீழே படுத்தேன். வாசர் தேய்ந்திருந்தது. கழட்டிப் புதிசு போட்டேன். கொஞ்ச நேரம் அவவின் கால் தெரிந்தது. பிறகு தெரியவில்லை. பிறகு திரும்பி வந்தா. மூச்சு வாங்கின மாதிரி இருந்தது.

எழும்பிக் கையைக் கழுவினேன். அவ கதிரையில் இருந்தா. இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அமர்த்திக்கொண்டு இருந்தா.

"முடிஞ்சுது" என்றேன்.

"நல்லது தம்பி."

"அப்ப வாறன்."

"ஓம்" என்றா. பிறகு தொண்டையைச் செருமி, "உங்களுக்கு நன்றி" என்றா. அவவின் வாயில் அந்தச் சொல்லைத் தமிழில் நான் முதல்முதல் கேட்டேன். "சொல்லுவியள்தானே ரோசிட்ட? நான் வாங்கினனான் எண்டு. கண்டனீங்கள்தானே."

"கண்டனான்."

வாசலில் நின்று கை காட்டினா. முகம் மலர்ந்திருந்தது. எனக்கும் கொஞ்சம் சந்தோஷம்தான்.

மார்க்கம் ரோட்டில் சிவப்பு லைட்டுக்குப் பிறேக் போட்டேன். பின்னால் ஏதோ வழுக்கி வந்து முட்டியது. பைப் முட்டுகிற சத்தம் இல்லை.

வீட்டுக்குப் போய் வானின் பின்கதவைத் திறந்தேன். பைப்புகளுக்கு இடையிலும் கந்தல் துணிக்குக் கீழேயும் கடைப் பையில் சுற்றின சாப்பாட்டுப் பெட்டிகள். யோகட் வாளி, மாஜரின் பெட்டி, ஐஸ்கிறீம் வாளி. மீன் கட்லட். கணவாய்க் கறி. கத்தரிக்காய்ப் பொரியல். ஒன்றில் மருந்துக்கு அளந்த மாதிரிக் கொஞ்சம் பாகு ஊறின தேன்குழல். எனக்கு நீரிழிவு வருத்தம் என்று அவவுக்குத் தெரியும். எல்லாம் இன்னும் சூடு. நான் போக முன்னமே சமைத்து வைத்திருக்கிறா.

கிழமை முழுக்கச் சாப்பிட்டேன். நல்ல கை அவவுக்கு.

மாதத்து முதல் ஞாயிறு ரோஸ் எடுத்தா. நான் பைப் கதையைச் சொன்னேன். தேத்தண்ணி தராததைச் சொன்னேன். கையைத் தொடைக்குக் கீழே வைத்திருந்ததைச் சொன்னேன். நன்றி சொன்னதையும் சொன்னேன். நான் இவ்வளவு கதைத்து ரோஸ் கேட்டதில்லை.

"அப்ப வரட்டும்" என்றா ரோஸ். குரலில் நல்ல சந்தோஷம். "மோசஸுக்கு இப்பவே சொல்லப்போறன்."

"பொறுங்கோ" என்றேன்.

ரோஸ் பொறுத்தா.

"வானுக்குள்ள ஒளிச்சுச் சாப்பாட்டுப் பெட்டி வைச்சவ."

ரோஸ் கேட்டா, "எத்தனை?"

"ஒன்பது."